கும்பலுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்: வேர் தேடிப் பொருள் கொள்ளும் முறை

சாதாரண சனங்களை இகழ ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ரேபிள், மாப், ரிஃப்-ராஃப், ஹாய் பொல்லாய், கனாய், ஸ்கம், வில்லன், சர்ல், பூர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். படிவம் ஐந்து பிள்ளைக்கு ஆங்கிலக் கதை விளக்கும்போதும் சரி, தோட்டத்துப் பழைய அறிக்கையைத் தமிழில் எழுதும்போதும் சரி, இவை அத்தனைக்கும் ‘கும்பல்’ என்றோ ‘கீழ்மக்கள்’ என்றோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கேதான் பொருள் கெடுகிறது. இவற்றில் ஒன்று நாயைச் சொல்கிறது, ஒன்று நுரையை, ஒன்று வெறும் எண்ணிக்கையை. ஒரு பெரிய பகுதி தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்தவனின் பெயர். மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பீடோங் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு அந்தக் கடைசி வகைதான் முக்கியம் என்பதால் இங்கே அதற்கே அதிக இடம்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகமும் இணையம் உள்ள கைப்பேசியும் போதும். பக்கத்தை ஐந்து பத்தியாகக் கோடு போடுங்கள்: சொல், வந்த மொழி, எழுத்தில் முதலில் கிடைக்கும் ஆண்டு, அப்போதைய பொருள், யார் யாரைப் பார்த்துச் சொன்னது. ஐந்தாவது பத்தியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். வசைச்சொல்லுக்கு அது இல்லாமல் மற்ற நான்கும் பாதிப் பயன்தான்.

அகராதிகளில் முதலில் இலவச இணைய வேர்ச்சொல் அகராதி ஒன்றைப் பாருங்கள். அது சுருக்கமாக ஆண்டையும் வேரையும் தரும். அதை அப்படியே நம்பாமல் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியோடு ஒப்பிட வேண்டும். அதன் முதல் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மேற்கோள்களை ஆண்டு வரிசையில் அடுக்கியிருக்கும். சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி, அந்தக் காலத்துக் கனவான்கள் இச்சொற்களை எப்படிக் கேட்டார்கள் என்று காட்டும். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்றால் 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். இவ்விரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசம். மலாய்ச் சொல்லுக்கு மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசாவின் பிஆர்பிஎம் தேடுதளம்.

ஆண்டு முதலில், பொருள் பிறகு

புதுச் சொல்லைக் கண்டதும் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்பது பழக்கம். ‘இந்த வரி எந்த ஆண்டில் எழுதப்பட்டது’ என்று கேளுங்கள். ரேபிள் என்பது இடைக்கால ஆங்கிலத்தில் விலங்குக் கூட்டத்துக்கும் பூச்சி மொய்ப்பதற்கும் வழங்கிய சொல். மனிதக் கும்பலுக்கு வந்தது பிறகுதான். ஆகவே பழைய நூலில் நாய்களின் ரேபிள் என்று இருந்தால் அதில் வசை எதுவும் இல்லை.

மாப் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. லத்தீனில் ‘மோபிலே வுல்குஸ்’ என்றால் ஒரு நிலையில் நில்லாத பொதுமக்கள். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன்காரர்கள் முதலில் அதை ‘மோபிலே’ என்று வெட்டினார்கள். 1680-களில் இன்னும் வெட்டி ‘மாப்’ ஆக்கினார்கள். எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்டுக்கு இந்த வெட்டு அறவே பிடிக்கவில்லை. 1710-இல் இதழில் எழுதிய ஒரு கட்டுரையில், மொழியைக் கெடுக்கும் குறுக்கல்களின் பட்டியலில் இதையும் சேர்த்துச் சாடினார். அவருடைய எரிச்சலெல்லாம் சொல் குறுகியதைப் பற்றித்தான், மக்களை இகழ்ந்ததைப் பற்றி அல்ல. கைப்பேசியைக் குறிக்கும் ‘மொபைல்’ இதற்கு உடன்பிறப்பு: இரண்டிலும் இருப்பது அசைதல். ஆஸ்திரேலியாவிலோ மாப் என்பது கங்காருக் கூட்டம், ஆட்டு மந்தை. அங்குள்ள பூர்வகுடிகள் தம் சொந்த சனத்தையே ‘என் மாப்’ என்று உரிமையோடு சொல்வார்கள். அதைக் கும்பல் என்று தமிழாக்கினால் தவறு, ‘எங்க ஆளுங்க’ என்பதே நெருக்கம்.

அந்த லத்தீன் தொடரின் இரண்டாம் பாதியிலிருந்து வந்தது வல்கர். இன்று அது ஆபாசம், கொச்சை. பழைய புத்தகத்தில் ‘வல்கர் டங்’ என்று வந்தால் அது மக்கள் பேசும் மொழி, அவ்வளவே. பழைய கணக்குப் புத்தகங்களில் ‘வல்கர் ஃபிராக்‌ஷன்’ என்று இருப்பதைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். அது நம் பொதுப் பின்னம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் கோடு. தசமப் பின்னத்திலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர்.

வேலைப் பெயர் வசையான இடம்

தமிழ் சினிமாவில் வில்லன் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய பூர்வீகத்தைப் பாருங்கள். லத்தீனில் வில்லா என்பது நாட்டுப்புறப் பண்ணை வீடு, அதைச் சேர்ந்த நிலம். அந்த நிலத்தில் கட்டுண்டு உழைத்தவன் வில்லானுஸ். பழைய பிரெஞ்சு வழியாக ‘விலேன்’ ஆகி, நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே குடியேறியது. வெற்றி பெற்ற வில்லியம் மன்னர் 1086-இல் நிலத்தையும் குடிகளையும் எண்ணிப் பதிய வைத்த டூம்ஸ்டே பதிவேட்டில், பெயரிட்டுச் சொல்லப்பட்ட குடிப்பிரிவுகளில் மிகப் பெரியது வில்லானிதான். அதாவது நாட்டின் சோற்றை விளைவித்தவர்கள். எஸ்டேட்டில் வேலை செய்பவன் என்பதற்கு இதைவிட நேரான லத்தீன் சொல் கிடையாது. நிலவுடைமையாளர்களின் வாயில் அது முதலில் ‘நாகரிகம் தெரியாதவன்’ ஆனது, பிறகு ‘இழிகுணத்தான்’, பிறகு ‘கயவன்’.

இங்கே எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும். கடைசி அசையில் ‘ஏ, ஐ’ (a, i) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் கயவன். ‘ஈ, ஐ’ (e, i) என்று இருந்தால் இடைக்காலப் பண்ணையாள்; வரலாற்றாசிரியர்கள் வேண்டுமென்றே பிரித்து எழுதுவது அது. இதைக் கவனிக்காமல், நிலமானிய முறையைப் பற்றிய பாடத்தில் ‘வில்லன்கள் வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் உழைத்தார்கள்’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் தலையைச் சொறிவார். ‘வைல்’ என்ற இழிவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வில்லன் வந்ததாகச் சிலர் சொல்வார்கள். ஒலி ஒத்துப்போவதால் வந்த மயக்கம். வைல் என்பதன் வேர் ‘வீலிஸ்’, மலிவானது என்று பொருள். குடும்பமே வேறு.

சர்ல் இன்று முரடன், சிடுமூஞ்சி. பழைய ஆங்கிலத்தில் ‘செயோர்ல்’ என்றால் அடிமை அல்லாத சுதந்திரக் குடிமகன், பிரபுவுக்குக் கீழ்ப்படியில் இருப்பவன். அவனுக்குச் சட்டத்தில் விலையே குறித்திருந்தது: வெசெக்ஸ் நாட்டில் ஒரு செயோர்லைக் கொன்றவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய இரத்தப் பணம் 200 ஷில்லிங், பெருங்குடி என்றால் 1,200. ஆறில் ஒரு பங்கு மதிப்பு. பின்னால் வந்த இகழ்ச்சியின் விதை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பூர் என்பது டச்சு மொழியின் ‘போயர்’, விவசாயி. இன்று நாகரிகமற்றவன். வேடிக்கை என்னவென்றால் இதே குடும்பத்துப் பழைய ஆங்கிலச் சொல் ‘கெபூர்’, பக்கத்தில் என்ற சொல்லோடு சேர்ந்து ‘நெய்பர்’ ஆகிவிட்டது. தூரத்தில் இருந்தால் பட்டிக்காட்டான், பக்கத்தில் இருந்தால் அண்டைவீட்டார். நேவ் என்றால் பழைய ஆங்கிலத்தில் பையன், பிறகு வேலைக்காரப் பையன், பிறகு போக்கிரி. எழுத்தில் முதலில் நிற்கும் ‘கே’ ஒலிக்காது. சீட்டுக்கட்டில் ஜாக் என்று நாம் சொல்லும் படத்தின் பழைய பெயர் இதுதான். வார்லட்டும் வேலேவும் ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்லின் இரு கிளைகள். ஒருவன் கயவனாகிப்போனான், இன்னொருவன் கோலாலம்பூர் ஹோட்டல் வாசலில் கார் சாவியை வாங்கி நிறுத்திக் கொடுக்கிறான்.

இந்த வகைச் சொல்லை அடையாளம் காண எளிய வழி: வேரில் நிலம், வீடு, வயது, ஊழியம் இவற்றில் ஒன்று தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், வசை பின்னால் ஏறியது. மேலே இருந்தவன் எழுதினான், கீழே இருந்தவனுக்கு எழுதத் தெரியாது. அதனால் அகராதிக்குள் போனது மேலே இருந்தவனின் செவி.

விலங்கு, கழிவு, எண்ணிக்கை

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கனாய் பிரெஞ்சுச் சொல், இத்தாலிய ‘கனாலியா’விலிருந்து வந்தது, வேர் நாய். ஸ்கம் என்பது கொதிக்கும்போது மேலே திரளும் நுரை அழுக்கு, டிரெக்ஸ் அடியில் தங்கும் வண்டல். இரண்டையும் கசடு என்று தமிழாக்கினால் மேலே மிதப்பதும் கீழே படிவதும் ஒன்றாகிவிடும். ‘நுரை அழுக்கு’, ‘அடிவண்டல்’ என்று பிரியுங்கள். ரிஃப்-ராஃப் பழைய பிரெஞ்சின் ‘ரிஃப் எ ராஃப்’, ஒன்றுவிடாமல் எல்லாம் என்பது. கொள்ளையடித்து வாரிக்கொண்டு போவதைக் குறிக்கும் வினைகளோடு தொடர்புடையது. டேக், ராக், பாப்டெயில் என்ற கோவையில் தொங்கும் முனை, கந்தல், வால் நறுக்கிய குதிரை மூன்றும் வரிசையாக வரும்.

ஹாய் பொல்லாய் கிரேக்கம். ‘ஹாய்’ என்பது சுட்டிடைச்சொல், ‘பொல்லாய்’ பலர். பலர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இப்போது சிலர் இதை மேட்டுக்குடி என்ற நேரெதிர்ப் பொருளில் எழுதுகிறார்கள், பகட்டைக் குறிக்கும் ‘ஹாய்ட்டி-டாய்ட்டி’யோடு குழப்பிக்கொண்டு. வரியின் சூழலைப் பார்க்காமல் தமிழாக்காதீர்கள்.

பிளெப்ஸ், புரோலெட்டேரியட் இரண்டும் ரோம் நகரத்துக் குடிப்பிரிவுகளிலிருந்து வந்தவை. பிளெப்ஸ் என்றால் சாதாரணக் குடிமக்கள். புரோலெட்டேரியஸ் என்பவன் சொத்து இல்லாததால் நாட்டுக்குப் பிள்ளைகளை மட்டுமே கொடுக்கக்கூடியவன். ‘புரோலேஸ்’ என்றால் சந்ததி. பொதுவுடைமைக்காரர்கள் அதைப் பாட்டாளி என்று தலைநிமிர வைத்தார்கள். வசை, பெருமைப் பெயராகத் திரும்பி வந்த அபூர்வமான சொற்களில் இது ஒன்று.

நம்மிடமிருந்து போனவை

கூலி என்ற சொல்லைத் தமிழ் லெக்சிகனில் பாருங்கள். செய்த வேலைக்குக் கொடுக்கும் சம்பளம். ஆளைச் சொல்ல வேண்டுமானால் நாம் கூலியாள் என்போம், கூலிக்காரர் என்போம். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டு முதல் சம்பளமே ஆளாகிவிட்டது. ஆனால் ‘தமிழிலிருந்துதான் வந்தது’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயரையும் அகராதிகள் வேராகச் சொல்கின்றன. அந்தப் பெயரோடு நம் கூலியும் போர்த்துகீசியர் வாயில் கலந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நோட்டில் இரண்டையும் எழுதுங்கள். சீனத்தில் ‘கசப்பு, பலம்’ என்ற இரு எழுத்துகளால் குலி என்று எழுதுவதைக் காட்டிச் சீன வேர் என்பார்கள். அந்த எழுத்துகள் பிறகு ஒலிக்கும் பொருளுக்கும் பொருந்தத் தேர்ந்தெடுத்தவை, வேர் அல்ல. மலாயில் குலி என்றே வழங்குகிறது.

பரையா என்ற ஆங்கிலச் சொல்லை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். அது பறை என்ற இசைக்கருவியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர். 1610-களில் ஆங்கில எழுத்தில் சமூகப் பெயராகவே வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘யாரும் சேர்க்காதவன்’ என்ற பொதுப்பொருள் பிடித்துக்கொண்டது. மலாயில் தெருநாய்க்கும் அதே பெயர். 2010, 2011-இல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூல் ஒன்றில் இச்சொல் வந்ததற்கு மலேசிய இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், அந்நூல் பிறகு பாடத்திலிருந்து எடுக்கப்பட்டதும் நினைவிருக்கும். ஆங்கிலச் செய்தியில் ‘பரையா ஸ்டேட்’ என்று வந்தால் தமிழில் ‘ஒதுக்கி வைக்கப்பட்ட நாடு’ என்று எழுதுங்கள். ஒலிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம். ஒரு சனத்தின் பெயரை நம் மொழியிலேயே நாம் வசையாக்கிய குற்றம் சேரும்.

தம்பியும் இப்படித்தான். மலாயா ஆங்கிலத்தில் தம்பி என்றால் அலுவலகத்து எடுபிடி ஆள், அவருக்கு ஐம்பது வயதானாலும். கலிங்கத்திலிருந்து வந்த கெலிங் பழைய மலாய் ஏடுகளில் வெறும் ஊர்ப்பெயர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தக் காலத்துக்குச் சாட்சி. இன்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் சண்டைதான். எதிர்த்திசையில் வந்தது ரவுடி: அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டோரக் குடியேறிகளில் முரட்டு ஆசாமிகளுக்கு வைத்த பெயர், தமிழில் ஊறி நம் சொல்லாகவே ஆகிவிட்டது.

ஐந்தாவது பத்தி

யார் யாரைச் சொன்னது என்பதற்கு ஒரு நல்ல பயிற்சி. 1790-இல் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூலில், கல்வி ‘பன்றித்தனமான கூட்டத்தின்’ குளம்புகளில் மிதிபடும் என்றார். 1793-இல் தாமஸ் ஸ்பென்ஸ் என்ற, தீவிர அரசியல் மாற்றம் கோரிய பதிப்பாளர் தம் மலிவு இதழுக்குப் ‘பன்றித் தீனி’ என்றே பெயர் வைத்து விற்றார். ஒரே சொல், மூன்று ஆண்டு இடைவெளி, எதிரெதிர் வாய்கள். ஐந்தாவது பத்தி காலியாக இருந்தால் இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நம் ஊர்ப் பயிற்சி 1948. ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அரசாங்கம் காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ‘பேண்டிட்’ (கொள்ளைக்காரன்) என்று எழுதியது. இத்தாலிய வேரில் அது பறைசாற்றி நாடு கடத்தப்பட்டவன். 1952-இல் அதிகாரபூர்வச் சொல் ‘கம்யூனிஸ்டு பயங்கரவாதி’ என்று மாறியது. ஆகவே பழைய தாளில் கொள்ளைக்காரன் என்று படித்ததும் திருட்டு வழக்கு என்று எண்ணிவிடாதீர்கள், ஆண்டைப் பாருங்கள்.

சட்டம் பெரும்பாலும் இந்தச் சொற்களைத் தொடாது, தலையை எண்ணும். பிரிட்டனின் 1714 கலகச் சட்டத்தில் எண்ணிக்கை பன்னிரண்டு: அறிவிப்பை வாசித்த பின் ஒரு மணி நேரத்துக்குள் கலைய வேண்டும் என்றிருந்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 141-ஆம் பிரிவில் சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஐந்து பேர். ஒரு செய்தியில் மாப் என்றும் வழக்கு ஆவணத்தில் ஐந்து பேர் என்றும் இருந்தால், முதலாவது நிருபரின் பார்வை, இரண்டாவது குற்றச்சாட்டு. தமிழில் கலக்கக்கூடாது.

பழைய நாளேட்டில் தேடும்போது

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1845 முதலான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் மலாயாவின் வேறு பல நாளேடுகளும் தேடக் கிடைக்கின்றன. தோட்டத்துச் செய்திகள் அதில் குவியலாக இருக்கின்றன. தேடல் வெறுங்கையோடு திரும்பினால் பெரும்பாலும் காரணம் எழுத்துக்கூட்டல். கூலியை ஆங்கிலத்தில் ‘ஐ, ஈ’ முடிவோடும் ‘ஒய்’ முடிவோடும் எழுதினார்கள். இரண்டையும், பன்மைகளையும் தனித்தனியே தேடுங்கள். கங்காணிக்கும் இரண்டு மூன்று கூட்டல் உண்டு. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் இயந்திரம் மங்கலான அச்சில் தடுமாறும். ஊர்ப்பெயரையும் ஆண்டையும் மட்டும் வைத்துத் தேடினால் தப்பியவை அகப்படும். ஊர்ப்பெயரின் பழைய வடிவமும் கைவசம் இருக்கட்டும்: இன்றைய பெஸ்தாரி ஜெயா அப்போது பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய தெலுக் இந்தான் அப்போது தெலுக் ஆன்சன்.

1800-க்கு முந்திய ஆங்கில அச்சில் இன்னொரு பொறி: சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போலவே நிற்கும். சொற்கள் எந்த ஆண்டில் எத்தனை முறை வந்தன என்று கோடு வரைந்து காட்டும் தளங்கள் இதனால் ஏமாறும். 1800-ஐ ஒட்டி ஒரு சொல் திடீரென்று குதித்தால் முதலில் எழுத்தைச் சந்தேகியுங்கள், பிறகு வரலாற்றை.

ஒரே நிகழ்ச்சிக்கு இரு தரப்பையும் எடுங்கள். 1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தைப் படிக்க நேர்ந்தால், செய்தியை மட்டும் படிக்காமல் தொழிலாளர் கோரிக்கைகளையும் பக்கத்தில் வையுங்கள். சம்பளத்தோடு, துரையையோ கிராணியையோ (தோட்டத்து எழுத்தர்) கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் அவற்றில் ஒன்று. கும்பல் என்று ஒருவர் எழுதும் இடத்தில் மற்றவர் எந்தச் சொல்லை எழுதுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதும்போது

வேரைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அதையே பொருளாகப் போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. 1600-க்குப் பிந்திய நாடகத்தில் வில்லனைப் ‘பண்ணையாள்’ என்று எழுதினால் வசனமே செத்துப்போகும், அங்கே கயவன்தான். வேர் அடிக்குறிப்புக்கு, வசை வரிக்கு. 1300-க்கு முந்திய நில ஆவணம் என்றால் தலைகீழ். இடைப்பட்ட காலத்துக்குத்தான் யோசனை வேண்டும். அங்கே ‘பட்டிக்காட்டான்’ பல நேரம் கைகொடுக்கும், ஏனென்றால் அதிலும் ஊரும் இகழ்ச்சியும் சேர்ந்தே இருக்கின்றன.

பொதுவாக ரேபிளுக்கும் மாப்புக்கும் கும்பல் பொருந்தும், கலகம் நடக்கும்போது மாப் ‘கலகக் கும்பல்’. ரிஃப்-ராஃபுக்குக் கழிசடை. ஹாய் பொல்லாய்க்குப் பொதுசனம், சொல்பவர் மூக்கைச் சுளிக்கிறார் என்றால் ‘கண்ட கண்ட சனம்’. 1830-இலிருந்து அச்சில் கிடைக்கும் ‘கிரேட் அன்வாஷ்டு’ என்ற தொடருக்குக் ‘குளிக்காத கூட்டம்’ என்று நேரே போட்டாலே உறைக்கும். ஆங்கில வசைக்குத் தமிழ் வசையாகச் சாதிப்பெயரையோ தொழிற்பெயரையோ தூக்கிப் போடும் பழைய மொழிபெயர்ப்பு வழக்கம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இல்லாத இழிவை நாம் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பது அது. தோட்ட ஆவணத்தில் கூலி என்ற ஆங்கிலச் சொல் அலுவல் சொல்லாக வரும் இடத்தில் ‘தொழிலாளி’ என்று எழுதி, முதல்முறை மட்டும் மூலத்தில் இருந்த சொல் எது என்று குறிப்புப் போடுங்கள். மேற்கோள் என்றால் மாற்றக்கூடாது. கூலி என்றே விட்டு மேற்கோள்குறிக்குள் வையுங்கள், ஆண்டையும் சொன்னவரின் பதவியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.